தீத்தண்ணிக் காவல்

செல்லசாமிக்கு மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பது மழை பெய்வதற்கு முன்பே தெரியும். இலங்கை மலைநாட்டில் ராகலைக்குக் கிழக்கே, கல்மேட்டுத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் அவர் இருபத்தெட்டு வருஷம் கான் வெட்டினார். தேயிலை மலையில் கான் என்றால் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால். மழை நேராகக் கீழே ஓடினால் மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விடும். கான் அதைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக நடக்கவைத்து ஓடையில் கொண்டுபோய் விடும். கானின் சரிவு கூடினால் கான் அறுந்துபோகும். குறைந்தால் தண்ணீர் தேங்கித் தேயிலையின் வேர் அழுகும். பத்துக் கஜத்துக்கு ஆறு அங்குலம் என்பது செல்லசாமியின் அளவு. அதைப் பார்க்க அவரிடம் இருந்தவை ஒரு பலகையும் கழுத்துவரை தண்ணீர் அடைத்த ஒரு சாராயப் போத்தலும்தான். போத்தலைப் பலகைமேல் படுக்கவைத்து, உள்ளே குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்.

கூட வேலை செய்கிறவன் சரிவைப் பிழையாக வெட்டினால் அவர் திட்டமாட்டார். வெட்டி எறிந்த மண்ணை அள்ளித் திரும்பவும் கானுக்குள் போட்டு மிதித்துவிட்டு, "இப்ப வெட்டு" என்பார். திட்டு வாங்கினால் பரவாயில்லை என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த மேல் லயம் ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பராக்கள், அதாவது ஒற்றை அறைகள், கொண்டது. காம்பராவுக்கு ஒரு குடும்பம். லயத்தின் முதுகுப்பக்கம் தேயிலை கிடையாது. அங்கிருந்து மலை உச்சிவரை ஆள் உயரத்துக்கு மானாப்புல். உச்சிக்கு அந்தப் பக்கம் காடு. வைகாசியில் மழை நின்றுவிட்டால் ஆடி, ஆவணியில் மேலிருந்து இறங்கும் வறண்ட காற்றில் புல் வைக்கோலாகிவிடும். காட்டில் எங்கோ தீ பிடித்தால் அது புல்லைப் பிடித்துக்கொண்டு லயத்தின் பின்சுவருக்கு வந்துசேர அரைமணி நேரம் போதும். லயத்துக்குத் தகரக் கூரைதானே என்று கேட்பார்கள். தகரம் எரியாது. தகரத்தைத் தாங்கும் மரம் எரியும்.

1950ஆம் வருஷம் ஆவணியில் அப்படி ஒரு தீ வந்தது. அப்போது தீயை அணைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. தப்பு மேளம் அடித்து ஆட்களைக் கூப்பிடுவார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பச்சைக் கொப்பு ஒடித்துக்கொண்டு, தீக்கு முன்னால் வரிசையாக நின்று அடிக்க வேண்டும். மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பின்னால் நின்றார்.

"அடி, அடி! நின்னு வேடிக்க பாக்குறதுக்கா ஒங்கள கூட்டியாந்தேன்?"

காற்று திரும்பியது. செல்லசாமியின் மனைவி அழகம்மா இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கில் தீ ஏறியது. பக்கத்தில் நின்றவர்களிடம் தண்ணீர் இல்லை. கையில் இருந்த கொப்புகளாலேயே அவளை அடித்தார்கள். அடித்து அடித்துத்தான் அவள்மேல் இருந்த நெருப்பு அணைந்தது. லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். அவள் தண்ணீர் கேட்டாள். லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலி ஒரு மாதமாக வற்றிக் கிடந்தது. கீழே ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கும் குழாய்க்கு ஆள் ஓடினார்கள். போய்வர ஒன்றரை மணி நேரம். குடம் வந்துசேர்ந்தபோது அவளால் விழுங்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் இறந்தாள்.

செல்லசாமி காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று கண்டாக்கிடம் போய் நின்றார்.

"ஐயா, லயத்துக்கு மேல ஒரு கொளம் வெட்டணுங்க. மழையில நெறச்சு வச்சுக்கிட்டா தீக்கு ஆகும்."

"ஏன்டா, வருஷம் பூரா மழைத் தண்ணிய மலைய விட்டு எறக்கத்தான் ஒனக்குச் சம்பளம். இப்ப நிப்பாட்டுறேங்கிற."

"புல்லு மலைங்கய்யா. தேயிலைக்குச் சேதமில்ல."

"தொரைக்குக் கான் படிச்சுக் குடுக்கப் போறியா? போ, போ. ஞாயித்துக்கெழம ஒனக்கு வேற சோலி இல்லேனா வெட்டிக்க. தோட்டத்து மம்பட்டியத் தொடப்படாது."

அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை விட்ட பிற்பகல்களிலும் தன் சொந்த மண்வெட்டியால் வெட்டினார். நாற்பதடி நீளம், இருபதடி அகலம், ஆறடி ஆழம். லயத்து ஆண்கள் முதல் வருஷம் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் வந்து மண் சுமந்தார்கள். அடியிலும் பக்கத்திலும் ஓடைக் களிமண்ணைக் கொட்டி, பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்கினார்கள். மலை உச்சியிலிருந்து இரண்டு கான்கள் வெட்டிக் குளத்தில் விட்டார். பக்கத்தில் இருந்த கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கூரையில் விழும் மழையையும் விடவில்லை. மூங்கிலைப் பிளந்து தாழ்வாரத்தில் கட்டி அதையும் குளத்துக்குத் திருப்பினார்.

குளத்திலிருந்து லயத்தின் முதுகுப்பக்கமாக இன்னொரு கான் போனது. அதற்குத் தீக்கான் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு காம்பராவுக்கும் நேர் பின்னால் அந்தக் கானில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. தீ வந்தால் குளத்தின் அடைப்புப் பலகையைத் தூக்க வேண்டும். தண்ணீர் ஓடி முதல் குழியை நிரப்பி, வழிந்து, இரண்டாவது குழிக்குப் போகும். அப்படியே பன்னிரண்டாவதுவரை. அந்தந்தக் காம்பரா ஆட்கள் அவரவர் குழியில் சாக்கை முக்கி எடுத்துத் தீயை அடிக்கலாம். வெறும் கொப்போடு யாரும் இனித் தீக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை.

1953 சித்திரை மழையில் குளம் நிறைந்தது. லயத்தார் மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். குளத்தில் இருப்பது தீத்தண்ணி. தீயைத் தவிர எதற்கும் அதில் ஒரு சொம்பும் முக்கக் கூடாது என்று பன்னிரண்டு காம்பரா ஆட்களும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். செல்லசாமியின் ஒரே மகள் மீனம்மாவும் கற்பூரம் அணைத்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. காவலுக்கு யார் என்ற பேச்சே எழவில்லை.

செல்லசாமி ஒரு சவுக்குக் கம்பில் அரையடிக்கு ஒரு கோடாகப் பதினோரு கோடு வெட்டிக் குளத்தின் நடுவில் நட்டார். தினமும் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன் மேலே ஏறிக் கம்பைப் பார்ப்பார். பெரட்டுக் களத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்: "பதினொன்னு." அடுத்த மாதம், "பத்தர."

மழைக்காலத்தில் ஒருமுறை பலகையைத் தூக்கி ஓட்டிப் பார்த்தார். ஈர மண்ணில் தண்ணீர் தங்குதடையின்றி ஓடியது. அதை அவர் நம்பவில்லை. தீ வருவது ஈரத்தில் அல்ல. தேயிலை மலையில் காய்ந்த கானில் முதல் மழை எப்படி ஓடும் என்பது அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். வருகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மண் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். அந்தப் பங்கைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டாவது குழி நிறைந்து ஒரு மணி நேரம் நிற்க வேண்டுமானால் கம்பில் ஒன்பது கோடு இருக்க வேண்டும். எட்டு இருந்தால் தண்ணீர் ஒன்பதாவது குழியோடு நின்றுவிடும்.

மீனம்மா 1954இல் அதே லயத்துச் சிவசாமியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டாவது காம்பரா.

1957இல் வைகாசி பிறப்பதற்கு முன்பே மழை நின்றது. ஆனி முடிவதற்குள் பீலி சொட்டு நிலைக்கு வந்து, ஆடி முதல் வாரத்தில் நின்றுபோனது. ஸ்டோர்க் குழாயில் காம்பராவுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் பிடித்துக்கொள்ள விட்டார்கள். மற்றதற்கெல்லாம் லயத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளமான கிடங்கு. மாடு இறங்கும் இடம். லயத்துச் சாக்கடையும் அதே பள்ளத்தில்தான் போய்ச் சேரும்.

மேலே குளம் பளபளவென்று கிடந்தது. வெயிலும் காற்றும் இரண்டு கோட்டைக் குடித்துவிட்டன. கம்பில் ஒன்பது நின்றது.

ஐந்தாம் காம்பரா வீரம்மா ஒருநாள் காலிக் குடத்தோடு குளத்தருகில் வந்து நின்றாள்.

"செல்லசாமி அண்ணே, தண்ணிக்குத் தாலி கட்டிட்டீங்களா? பக்கத்துலயே ஒக்காந்திருக்கீங்க."

"ஆமா. அறுக்கிறதுக்கு நீ வராத."

"ரெண்டு கொடம் எடுத்தா ஒங்க கொளம் அழுதுருமா?"

"ஒரு காம்பராவுக்கு ரெண்டு கொடம். பன்னெண்டு காம்பரா. மழ வர நாப்பது நாளு ஆகும்னு வையி. எத்தன கொடம்?"

"எனக்கு என்னாண்ணே தெரியும்?"

"தொள்ளாயிரத்தி அறுவது. அது ஒரு கோடு. கம்புல ஒம்பது நிக்குது. ஒரு கோடு போனா எட்டு. எட்டுல கடைசி மூணு காம்பரா வேகும். எந்த மூணு பேரு வேகுறதுனு நீயே சொல்லிட்டு எடுத்துக்க."

வீரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். குழாயடியிலும் மலையிலும் அந்தக் கணக்கை அவரைப் போலவே தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் காட்டுவாள். பெண்கள் சிரிப்பார்கள். அப்படித்தான் ஒரு கோடு என்றால் தொள்ளாயிரத்து அறுபது குடம் என்பது லயத்துக்கே பாடமானது.

மீனம்மாவின் மகள் நாகலெட்சுமிக்கு அப்போது ஒன்றரை வயது. ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள் அவளுக்குப் பேதி கண்டது. தோட்டத்து டிஸ்பென்சர் மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"என்ன தண்ணி குடுக்கிறனீங்கள்?"

"கெடங்குத் தண்ணிதாங்கய்யா."

"அதைக் குடுக்காதையுங்கோ. நல்ல தண்ணி எடுத்துக் காய்ச்சி, உப்பும் சீனியும் கொஞ்சம் போட்டு, கரண்டி கரண்டியாக் குடுத்துக்கொண்டே இருங்கோ. மருந்தைவிட அதுதான் முக்கியம்."

அன்று மீனம்மாவுக்குக் கிடைத்த ஸ்டோர்த் தண்ணீர் துணி அலசவும் குழந்தையைக் கழுவவுமே போதவில்லை. செல்லசாமி தனக்கு வந்த குடத்தைத் தொடாமல் அவளிடம் கொண்டுபோய் வைத்தார். அடுத்த நாளும் வைத்தார். அவர் நாவறண்டு கிடந்ததை லயம் பார்த்தது. மூன்றாம் நாள் ஸ்டோர்க் குழாயைப் பூட்டிவிட்டார்கள். என்ஜினுக்கே தண்ணீர் போதவில்லை என்று கண்டாக்கு சொன்னார்.

அன்று பிற்பகல் மீனம்மா ஒரு மண்குடத்தோடு குளத்துக்கு ஏறினாள். செல்லசாமி வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஒரு கொடம்."

"இது தீத்தண்ணி."

"புள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சுப்பா. ஒரே ஒரு கொடம். யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போயிர்றேன்."

"யாருக்கும் தெரியாம எடுக்க விடாம இருக்கத்தான் என்னைய வச்சிருக்காங்க. நீயும் கற்பூரம் அணச்ச."

"நான் அணைக்கயில எனக்குப் புள்ள இல்லப்பா."

செல்லசாமி எழுந்து நின்றார்.

"ஒனக்குக் குடுத்துட்டு வீரம்மாவுக்கு எப்படி இல்லேம்பேன்? அவ வீட்லயும் ரெண்டு புள்ளைங்க அதே கெடங்குத் தண்ணியத்தான் குடிக்குது. ஒருத்திக்குத் தொறந்தா பன்னெண்டு பேருக்கும் தொறக்கணும். தொறந்தா எட்டு கோடு. எட்டு கோட்டுல மொதல்ல போறது பத்து, பதினொன்னு, பன்னெண்டு. ஒன் காம்பரா பன்னெண்டு. ஒனக்காகத்தான் சொல்றேன்."

"என் காம்பரா வேகட்டும்."

"அப்படித்தான் சொல்லுவ. ஒங்கம்மா வெந்தத நீ பாத்த."

"அம்மா தண்ணி தண்ணினு கேட்டுச்சு. அதையும் பாத்தேன்."

சொல்லிவிட்டு அவள் வரப்பில் இறங்கிக் குடத்தைத் தண்ணீரில் சாய்த்தாள். செல்லசாமி அவள் தோளைப் பிடித்து இழுத்து, குடத்தைப் பிடுங்கி, மடுவத்துக் கல்லில் போட்டு உடைத்தார். உள்ளே போயிருந்த கொஞ்சத் தண்ணீர் கல்லில் பரவி, கானுக்குள் இறங்கித் திரும்பவும் குளத்துக்கே போனது. மீனம்மா ஈரமாகியிருந்த முந்தானையைப் பிழியாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். அதைப் பிள்ளையின் வாயில் பிழிந்தாள்.

நாகலெட்சுமி மறுநாள் விடியும்போது போய்விட்டாள். குழியைச் செல்லசாமிதான் வெட்டினார். பக்கங்கள் நேராகவும் அடி மட்டமாகவும் இருந்தன. வெட்டி முடித்துவிட்டு, நேரம் தப்பாமல், கம்பைப் பார்க்கக் குளத்துக்கு ஏறினார். அன்று பெரட்டுக் களத்தில் "ஒம்பது" என்று அவர் சொன்னபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தீ வந்தது. காலைப் பத்து மணி இருக்கும். காட்டுப் பக்கமிருந்து உச்சியைத் தாண்டிப் புகை முதலில் வந்தது. பிறகு புல் வெடிக்கும் சத்தம். தப்பு அடித்தார்கள். கண்டாக்கு வழக்கம்போல், "கொப்பு ஒடிங்க, கொப்பு ஒடிங்க!" என்று கத்தினார். பெண்கள் யாரும் கொப்பு ஒடிக்கவில்லை. கூடையை இறக்கிவிட்டு லயத்தின் முதுகுப்பக்கம் ஓடி, அவரவர் குழியருகே சாக்கோடு நின்றார்கள். மீனம்மா பன்னிரண்டாவது குழியருகே நின்றாள்.

செல்லசாமி பலகையைத் தூக்கினார். தண்ணீர் தீக்கானில் பாய்ந்தது. கான்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் கானில் தண்ணீர் விட்டால் அதன் தலையோடு கூடவே நடந்துபோவார்கள். எங்கே தயங்குகிறது, எங்கே கசிகிறது என்று அப்போதுதான் தெரியும். செல்லசாமியும் அப்படி அதன் தலையோடு நடக்கத் தொடங்கினார். கொஞ்ச தூரத்தில் ஓட வேண்டியிருந்தது.

தண்ணீர் எங்கும் தயங்கவில்லை. முதல் குழி நிறைந்தது. இரண்டு, மூன்று, ஐந்து. சாக்குகள் முங்கி எழுந்தன. தேயிலை மலையின் மண் வருஷா வருஷம் முள்ளுக்கருவியால் குத்திக் கிளறிய மண். அது தண்ணீரைக் குடிக்கும். மானாப்புல் மலையின் மண்ணை யாரும் ஒருநாளும் கிளறியதில்லை. மூன்று மாதம் வெயிலில் காய்ந்து, மேலெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் இறுகிக் கிடந்தது. விழுந்த தண்ணீரை அது உள்ளே விடவே இல்லை, தள்ளிக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது குழி நிறைந்தது. பன்னிரண்டாவது குழி நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீர் கானின் வாயைத் தாண்டி, லயத்துக்குக் கீழே மாடு இறங்கும் அதே கிடங்கில் போய் விழுந்தது.

மீனம்மா சாக்கை முக்குவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். செல்லசாமியும் பார்த்தார். புகையில் இரண்டு பேருக்கும் கண் எரிந்துகொண்டிருந்தது.

அவர் மேலே ஓடிப் போய்ப் பலகையைத் திரும்பவும் போட்டார்.

லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரக் கானையும் ஈரச் சாக்குகளையும் தாண்ட முடியாமல் தீ பக்கவாட்டில் திரும்பி, கல்பாறையில் முட்டி ஓய்ந்தது. பன்னிரண்டு காம்பராவும் தப்பின. ஒருவர் கையிலும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் கண்டாக்கு நல்ல மனநிலையில் இருந்தார். தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கியிருந்தார்.

"எங்கடா நம்ம கொளத்துக்காரன்? கம்பு பாத்தியா?"

"பாத்தேங்கய்யா."

"எவ்வளவு மிச்சம்?"

களத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். வீரம்மா பிற்பாடு பல தடவை சொன்னாள்: "ஒரு பொய் சொல்லியிருந்தா அந்த மனுசன் பொழச்சிருப்பாரு." அளவு கேட்டு அவர் பொய் சொன்னதில்லை.

"மூணு கோடுங்கய்யா."

"அடி சக்க! அப்ப இன்னொரு தீயையும் வரச் சொல்லு. கொளத்துல தண்ணி இருக்குனு சொல்லு." கண்டாக்கு சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் வரிசையில் கூடையைத் தலையில் மாட்டியபடி நின்ற மீனம்மா கேட்டாள்.

"அப்பா, ஒரு கோடுன்னா எத்தன கொடம்?"

குழந்தை இறந்த பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அந்தக் கணக்கு அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். செல்லசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தொள்ளாயிரத்தி அறுவது."

"மூணு கோடுன்னா?"

"ரெண்டாயிரத்தி எண்ணூத்தி எம்பது."

"சரி" என்றாள். கொழுந்துக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் மார்கழியில் நாடு முழுக்க வெள்ளம். குளம் நிறைந்து, வழிந்து, கரையின் ஒரு மூலையை அறுத்துக்கொண்டு போனது. செல்லசாமி அதை அடைத்தார். துரை குளத்தைப் பார்க்க வெளியூர்த் துரைமார் இரண்டு பேரைக் கூட்டிவந்து, தன் யோசனை என்று சொல்லிக் காட்டினார். மற்ற இரண்டு டிவிஷன்களிலும் அதேபோல் குளம் வெட்ட உத்தரவாயிற்று. மட்டம் பார்த்து முளை அடிக்கச் செல்லசாமியைத்தான் அனுப்பினார்கள். அங்கேயும் கம்பு நட்டார். மேல் லயத்துக் குளத்துக்கும் ஒன்பது கோடு என்பதை ஆறாகத் திருத்தினார். ஆறுக்கு மேல் இருப்பதைக் கோடையில் காம்பராவுக்கு இரண்டு குடம் வீதம் எடுத்துக்கொள்ளலாம் என்று கோயிலில் நின்று அவரே சொன்னார். புதிதாகக் கற்பூரம் அணைத்தார்கள். மீனம்மா வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த கோடைகளில் பதினொரு காம்பராக்களும் குளத்தில் தண்ணீர் எடுத்தன. மீனம்மா மட்டும் ஸ்டோருக்கு இறங்கிப் போய் எடுத்துவந்தாள். அவளுக்கு அடுத்து இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களையும் அந்தப் பக்கம் விடமாட்டாள். சிவசாமி ஒருமுறை குளத்துத் தண்ணீரை அவளுக்குத் தெரியாமல் கொண்டுவந்து வைத்தபோது, குடத்தோடு தூக்கி வாசலில் ஊற்றினாள்.

1963 கடைசியில் செல்லசாமி நெஞ்சுச் சளியில் படுத்தார். வேறு யாரும் இல்லாததால் பன்னிரண்டாவது காம்பராவில்தான் கிடந்தார். மீனம்மா அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தாள். தேத்தண்ணீர் கொடுத்தாள். மூத்திரத் துணியை அலசினாள். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். லயத்தில் யாருடைய மகளும் அப்படிப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வார்கள். பச்சைத் தண்ணீர் கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டாள்.

"மீனா, நெஞ்சு காயுது. ஒரு வாய் தண்ணி குடு."

"தீ வரட்டும்ப்பா."

முதல் தடவை இதைக் கேட்ட வீரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி, சாகப்போற மனுசன்கிட்ட இப்படியா?"

"கஞ்சியில தண்ணி இருக்குக்கா. தேத்தண்ணியில தண்ணி இருக்கு. செத்துப் போகமாட்டாரு. நான் அவரு மாதிரி இல்ல."

செல்லசாமி அதற்கப்புறம் ஒருநாளும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. கேட்பதையும் விடவில்லை. கேட்பார், அவள் அதையே சொல்வாள், அவர் தலையை ஆட்டிக்கொள்வார். டிஸ்பென்சர் வந்தபோது, "தண்ணி நல்லாக் குடுக்கிறீங்களோ?" என்று கேட்டார். மீனம்மா வாய் திறப்பதற்கு முன் செல்லசாமி, "குடுக்குதுங்கய்யா" என்றார். அளவைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை இறந்தார். யாரை இங்கே வைத்துக்கொள்வது, யாரைக் கப்பலேற்றுவது என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்தது அந்த வருஷக் கடைசியில். அந்தக் கணக்கில் அவர் சேரவில்லை.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினார்கள். பீலியில் அப்போது நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் அங்கே திரும்பியபோது மீனம்மா தடுத்தாள்.

"பீலியில வேணாம். கொளத்துல எடுங்க."

தப்பு முன்னால் போக, லயமே வரிசையாக மேலே ஏறியது. ஆறு வருஷத்துக்கும் மேலாக மீனம்மா அந்த வரப்பில் கால் வைத்ததில்லை. முதல் குடத்தை அவளே முக்கினாள். பன்னிரண்டு காம்பராவும் இரண்டிரண்டு குடம். கொண்டுவந்து வாசலில் பலகைமேல் கிடத்தியிருந்தவர் தலையில் ஊற்றினார்கள். போதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மீனம்மா, "ஊத்துங்க" என்றாள். திரும்ப ஏறினார்கள். திரும்ப ஊற்றினார்கள். தண்ணீர் வாசல் சாக்கடை வழியாக ஓடிக் கிடங்கில் விழுந்துகொண்டே இருந்தது. நாற்பத்தெட்டாவது குடத்தோடுதான் நிறுத்தினாள்.

செல்லசாமி படுத்ததிலிருந்து குளத்துக்குக் காவல் லயத்து இளைஞன் பொன்னையா. கடைசிக் குடம் எடுத்த பிறகு அவன் வரப்பில் நின்று கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலை தண்ணீர் பத்தாவது கோட்டில் நின்றது.

"எவ்வளவு கொறஞ்சிருக்கு?" என்று மீனம்மா கேட்டாள்.

அவன் குனிந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, இன்னொரு தடவை பார்த்தான்.

"கொறையலக்கா. கோட்டுலதான் நிக்குது."

மீனம்மா காலிக் குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.